ஒரு முடிவு, 135 வடிவங்கள்: உணர்ச்சியுள்ள தமிழ் எழுத்துரு செய்யக் கற்பது எப்படி

'நில்' என்ற சொல்லை ஒரு தாளில் மூன்று தடவை எழுதிப் பாருங்கள். முதலில் மெல்லிய பேனாவால், எழுத்துக்கு எழுத்து தாராளமாக இடம் விட்டு. அடுத்து தடித்த மார்க்கரால், எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி. மூன்றாவது, தூரிகையை மையில் தோய்த்து ஒரே இழுப்பில். சொல் ஒன்றுதான். ஆனால் முதலாவது கெஞ்சுகிறது, இரண்டாவது மிரட்டுகிறது, மூன்றாவது பின்னாலிருந்து யாரோ ஓடிவந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு சொல்லை இப்படிப் பேச வைப்பது கடினமில்லை. அதே குரலில் எந்தச் சொல்லையும் பேச வைப்பதுதான் எழுத்துரு வடிவமைப்பு. சுவரொட்டியில் 'நில்' அழகாக வந்துவிடும். அதே பாணியில் 'ஞாயிற்றுக்கிழமை' எழுத வேண்டி வரும்போது பாணி உடைந்துவிடும். அப்படி உடையாமல் இருக்க, தொடக்கத்தில் ஒரே ஒரு முடிவை எடுத்து, அதைக் கடைசி எழுத்து வரை பிடிவாதமாகக் காப்பாற்ற வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

எழுத்துருவை நிறுவவும், ஒரு பக்கத்தை ஓரளவு ஒழுங்காக வடிவமைக்கவும் தெரிந்து, அதற்கு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் தமிழ் எழுத்துகள்தான். லத்தீன் எழுத்துக்கு, அதாவது ஆங்கிலத்தின் எழுத்துக்கு, எழுதிய பாடங்களைத் தமிழுக்கு அப்படியே மாட்டினால் பாதி பொருந்தும், பாதி இடிக்கும். இடிக்கிற அந்தப் பாதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

படி 1: கண்ணைப் பழக்குவது

முதல் இரண்டு வாரம் எதையும் புதிதாக வரையாதீர்கள். பார்த்துப் பழகுவது மட்டும்தான் வேலை.

ஒரு பத்தியை எடுத்து ஐந்தாறு எழுத்துருக்களில் போட்டு, ஒரே பக்கத்தில் அச்செடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரன், அனெக் தமிழ், பலூ தம்பி, கவிவனர், மீரா இனிமை ஆகிய இந்த ஆறும் போதும். எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அதனால் பிறகு இவற்றை எழுத்துரு மென்பொருளில் திறந்து எலும்புவரை பார்க்கலாம். ஒன்று நேராக நிற்கிறது, ஒன்று சாய்ந்து நடக்கிறது, ஒன்று குண்டாகச் சிரிக்கிறது. 'இது அழகு, இது அழகில்லை' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் ஒன்றும் கற்க முடியாது. கேள்விகளோடு பாருங்கள். கொம்பின் சுழி எவ்வளவு பெரிது? துணைக்கால் முந்தைய எழுத்தோடு ஒட்டி நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா? புள்ளி வட்டமா, சதுரமா, பேனா வைத்த சாய்கட்டமா? ற-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது? மேல்விலங்கு, அதாவது கி, கீ-யில் மேலே வளையும் கோடு, எழுத்தின் தோளிலிருந்து கிளம்புகிறதா, தனியாக ஒட்டவைத்த மாதிரி இருக்கிறதா?

அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்துப் பிரதி எடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக. கோட்டை மட்டும் எடுக்காமல், கோடு சூழ்ந்திருக்கிற வெள்ளையையும் தனியாக வரைந்து நிரப்புங்கள். ப-வுக்குள் இருக்கும் வெள்ளை ஒரு பெட்டி. வ-வின் சுழிக்குள் இருப்பது ஒரு விதை. அ-வுக்குள் எத்தனை வெள்ளைத் துண்டுகள் இருக்கின்றன என்று எண்ணும்போதுதான் இந்த எழுத்தை நாம் இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை என்று புரியும்.

கூடவே கொஞ்சம் வரலாறும் வேண்டும். வடிவங்கள் எந்தக் கருவியிலிருந்து வந்தன என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற தைரியம் வரும். ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது கோட்டின் தடிமன் மாறுவதில்லை. எழுத்து முழுக்க ஒரே சீரான இழைதான். சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது. நாம் இயல்பு என்று நினைக்கிற எகர ஏகார வேறுபாடு, அதாவது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனித்தனியாக நிற்பது, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் நிலைத்தது.

ஈய எழுத்து வந்தபோது வேறு கட்டாயங்கள் வந்தன. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சானது. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு குழுவினருக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை, காகிதமோ தட்டுப்பாடு. அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதப் பஞ்சம் ஓர் எழுத்தின் உருவத்தைத் தீர்மானித்தது என்பதை வடிவமைப்பாளர் மறக்கக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் செதுக்கவைத்த எழுத்துகளின் நேர்த்தியை 1862-இல் வெளியான வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியில் பார்க்கலாம். வருடிய பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை எடுத்துப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் செலவிடுங்கள், வீண்போகாது.

படி 2: கையைப் பழக்குவது

இரண்டு பென்சில்களை எடுத்து ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் தாளைத் தொட வேண்டும். இதுதான் உங்கள் முதல் பட்டைப் பேனா. இரண்டு முனைகளுக்கும் இடையே விழுகிற வெள்ளைதான் எழுத்தின் தடிமன்.

இரண்டு முனைகளும் கிடையாக, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி பிடித்து ப எழுதுங்கள். கையைத் திருப்பாமல் எழுத வேண்டும். நிற்கும் கோடுகள் தடித்தும், அடிக்கோடு மெலிந்தும் வரும். இப்போது முனைகள் மேலும் கீழுமாக இருக்கும்படி பிடித்து அதே ப-வை எழுதுங்கள். நிற்கும் கோடு இழையாகிவிடும், கிடக்கும் கோடு தடிக்கும். நடுவில் முப்பது, நாற்பது பாகை சாய்த்தும் எழுதிப் பாருங்கள்.

இதையே ண-வுக்குச் செய்யுங்கள். மூன்று சுழி ண-வில் நிற்கும் கோடுகள் நெருக்கி நிற்கின்றன. முனையைக் கிடையாகப் பிடித்தால் எல்லாம் தடித்து எழுத்து மூச்சுமுட்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் தடிமன் மேல் வளைவுகளிலும் அடியிலும் போய் உட்கார்ந்து, உள்ளே இடம் கிடைக்கும். லத்தீன் பாடங்கள் 'நிற்கும் கோடு தடிமன், கிடக்கும் கோடு மெலிவு' என்று சொல்வதைத் தமிழுக்கு வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இந்தப் பயிற்சியால்தான். தலைப்பு எழுத்துக்குக் கிடைத்தடிமன் தமிழில் அருமையாக உட்காரும்.

டச்சு வடிவமைப்பாளர் கெரிட் நோர்ட்சை, எழுத்தின் தடிப்பு மெலிவு எப்படி வருகிறது என்று பிரித்துக் காட்டினார். அதில் இரண்டு வகை நமக்கு முக்கியம். பட்டைப் பேனாவில் கோடு போகும் திசை தடிமனைத் தீர்மானிக்கும். கூர்முனைப் பேனாவில் அழுத்தம் தீர்மானிக்கும். முதல் வகை நிதானமான குரல், இரண்டாவது உணர்ச்சி ஏறி இறங்கும் குரல். தூரிகை இரண்டையும் கலந்து பேசும். ஒரு மாதம் மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டால், பிறகு திரையில் வளைவு வரையும்போது எங்கே தடிக்க வேண்டும் என்று விதியைத் தேட மாட்டீர்கள். கை ஞாபகம் வைத்திருக்கும்.

படி 3: எழுத்துகளைக் குடும்பம் பிரிப்பது

தமிழில் 247 எழுத்து. பயப்பட வேண்டாம், 247-ஐயும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்று 6. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரக் குறி என 5. மேல்விலங்கு 2, புள்ளி 1. உகர ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றும் தனி உருவம் என்பதால் 36. விலங்கு போட்ட இகர ஈகாரங்களையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும், அதுவும் 36. புள்ளி வைத்த மெய்கள் 18. கூட்டிப் பார்த்தால் 135. எண், நிறுத்தக்குறி எல்லாம் தனி.

இந்த 135-ஐயும் ஒரே மூச்சில் வரையாமல் உறவு பார்த்துப் பிரியுங்கள். ட, ப, ம, ய, ழ ஒரு குடும்பம், நேர்கோடும் மூலையும் கொண்டவை. க, ச, த இன்னொன்று, ஒரே தலைப்பகுதி. வ, ல, ன, ண, ள சுழிக் குடும்பம். எ, ஏ, ஐகாரம், கொம்புகள் ஆகியவற்றையும் இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ள-வும் ஔகாரக் குறியும் ஒரே உருவம், அதை மறந்து இரண்டு விதமாக வரைந்துவிடுபவர்கள் உண்டு. இ, ஞ, ஐ, ஜ போன்றவை ஒட்டாத தனியாட்கள்.

உகரத்துக்குத் தனியாக உட்கார வேண்டும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் கோடு வளைந்து சுற்றிக்கொள்கிறது. ஙு, சு, பு, யு, வு-வில் கீழே இறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு-வில் கீழே போய் வலது பக்கம் மேலேறுகிறது. மூன்றே அசைவு. உங்கள் எழுத்துருவின் குணம் இந்த மூன்று அசைவிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். என் அனுபவத்தில் ஓர் எழுத்துருவை மதிப்பிட உகர வரிசையைப் பார்த்தாலே போதும். வடிவமைப்பாளர் எங்கே களைத்துப்போனார் என்று அங்கே தெரிந்துவிடும்.

படி 4: அந்த ஒரு முடிவு

இனி உணர்ச்சிக்கு வருவோம். 'எனக்குச் சோகமான எழுத்து வேண்டும்' என்று தொடங்கினால் கண்ணீர்த்துளி வரைவதில் போய் முடியும். உணர்ச்சியின் பெயரை விட்டுவிட்டு, உடலின் மொழியில் சொல்லிப் பாருங்கள். சோகம் எப்படி நிற்கும்? தோள் தொங்கும், எடை கீழே இறங்கும், அசைவு மெதுவாகும். இது எழுத்தில் செய்யக்கூடிய விஷயம். சுழிகளின் தலை தாழட்டும், தடிமன் வளைவின் அடியில் சேரட்டும், இடைவெளி கூடட்டும்.

மாற்றிப் பார்க்கக்கூடியவை பல. தடிமன், அகலம், தடிப்பு மெலிவின் வேறுபாடு, சாய்வு, கோட்டு முனை வெட்டா வட்டமா, மூலைகள் கூரா மழுங்கலா, சுழிகள் திறந்தா மூடியா, எடை மேலேயா கீழேயா. இதில் ஒன்றை மட்டும் எல்லைவரை தள்ளுங்கள். மற்றவை அமைதியாக இருக்கட்டும். இரண்டைத் தள்ளினால் ஒன்றோடொன்று சண்டை வரும், மூன்றைத் தள்ளினால் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டுங்கள். உதாரணத்துக்கு: 'எல்லாச் சுழியும் விதையளவு சிறுத்திருக்கும், மற்ற எல்லாம் தடித்திருக்கும்.' அல்லது: 'ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் கனம், முடியும் இடத்தில் இழை.' வாக்கியத்தைப் படித்த இன்னொருவர் நீங்கள் இல்லாமலே ஞ-வை வரைய முடிய வேண்டும். அந்த அளவுக்குத் தெளிவு இல்லையென்றால் முடிவு இன்னும் பழுக்கவில்லை.

படி 5: 'பாறை' என்று எழுதிப் பார்ப்போம்

முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு 'பாறை' என்ற சொல்லை வரைவோம். கனமான எழுத்து, சிறுத்த சுழி.

ப சுலபம். தடித்த பெட்டி, நடுவில் ஒரு கீறல் போல வெள்ளை. அந்தக் கீறலின் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த எழுத்துருவின் அளவுகோல் அதுதான். துணைக்கால் அடுத்து வருகிறது. ப-வின் தடிமனையே கொடுத்தால் அது மிகக் கனத்துத் தெரியும், மேலே வளைந்து வருவதால் அங்கே கறுப்பு சேர்ந்துவிடுகிறது. வளைவு கோட்டோடு சேரும் இடத்தை உள்பக்கமிருந்து கொஞ்சம் அறுத்துவிடுங்கள். எண்ணளவில் தடிமன் வேறாக இருக்கும், கண்ணளவில் சமமாக இருக்கும். கண் சொல்வதே முடிவு.

அடுத்தது ஐகாரக் கொம்பு. றை-க்கு முன்னால் நிற்கிற இந்தக் கொம்பில் இரண்டு சுழிகள். ப-வின் தடிமனை இங்கே கொடுத்தால் சுழிகள் அடைத்துக் கறுப்புத் திட்டு ஆகிவிடும். மூன்று வழி உண்டு. அகலத்தைக் கூட்டலாம், அப்போது சொல்லின் நடை தடுமாறும். கோட்டை மெலிக்கலாம், அப்போது கொம்பு மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்த மாதிரி நிற்கும். மூன்றாவது, வெளிவிளிம்பைத் தொடாமல் உள்கோடுகளை மட்டும் இழையாக்குவது. வெளியே பாறை, உள்ளே மெல்லிய வெள்ளைக் கீறல்கள். ப-வில் வைத்த அதே கீறல் அகலத்தை இங்கேயும் வைத்தால் எல்லாம் ஒரே கல்லிலிருந்து வெட்டிய மாதிரி ஆகிவிடும். முதலில் எடுத்த முடிவு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது இப்படித்தான்.

இதே சோதனையை ணை-க்கு வையுங்கள். எழுத்தின் பாதி உயரத்தில் கிடையாக ஒரு கோடு இழுத்து, அது எத்தனை இடத்தில் கறுப்பைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். ப-வில் இரண்டு இடம்தான். கொம்போடு சேர்ந்த ணை-யில் எண்ணிவிட்டு வாருங்கள். கனமான தமிழ் எழுத்துரு செய்பவர்கள் ணை-யில் தொடங்கி ப-வில் முடிக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் அந்த எண்ணிக்கைதான். சுலபமான எழுத்தை முதலில் வரைந்து அதற்கு ஒரு தடிமனைக் கொடுத்துவிட்டால், கடினமான எழுத்து வரும்போது எல்லாவற்றையும் கலைக்க வேண்டி வரும்.

படி 6: திரையில் வரைவது

எழுத்துரு வரையும் மென்பொருள்களில் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் பலர் கிளிஃப்ஸ் மென்பொருளை விரும்புகிறார்கள். ஃபான்ட்லேப் மேக், விண்டோஸ் இரண்டிலும் உண்டு. எதில் தொடங்கினாலும் சரி, மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நாளுக்கு மேல் செலவிடாதீர்கள்.

எழுத்தை வரையும் கட்டத்தின் உயரம் பொதுவாக 1000 அலகு. கையால் வரைந்ததைப் படமெடுத்துப் பின்னணியில் வைத்து மேலே வரையுங்கள். படத்தை மென்பொருளே கோடாக மாற்றும் தானியங்கி வெக்டர் மாற்றம் வேண்டாம், அது நூறு நோடுகளை, அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளை, தெளித்துவிடும். ஒரு வட்டத்துக்கு நான்கு நோடு போதும். மேல், கீழ், இடம், வலம் என்று வளைவின் உச்சிகளில் வையுங்கள், வளைவைத் திருப்பும் ஹேண்டில்கள் (நோடிலிருந்து நீளும் பிடிகள்) நேர்க்கிடையாகவோ நேர்க்குத்தாகவோ இருக்கட்டும். ண-வின் சுழிகள் சுற்றிச் சுற்றி வருவதால் நோடுகள் கூடத்தான் செய்யும். ஆனாலும் ஒவ்வொரு நோடும் தான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டமான அடி, தட்டையான அடியோடு ஒரே மட்டத்தில் நின்றால் குட்டையாகத் தெரியும். அதனால் வளைவுகளை 10 முதல் 15 அலகு வரை கோட்டைத் தாண்ட விடுங்கள். கிடக்கும் கோடும் நிற்கும் கோடும் ஒரே அளவில் இருந்தால் கிடக்கும் கோடு தடித்துத் தெரியும், கொஞ்சம் மெலிக்க வேண்டும். இது கண்ணின் இயல்பு.

படி 7: வெளியை அமைப்பது

எழுத்தை வரைவதற்கு ஆன நேரத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்குங்கள். முதலில் நேர்கோட்டு எழுத்துக்கு நேர்கோட்டு எழுத்து: பபபப. அடுத்து வளைவுக்கு வளைவு. பிறகு இரண்டையும் கலந்து. சொல்லைத் தூரத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பாருங்கள், சாம்பல் நிறம் சீராக வர வேண்டும்.

தமிழில் வம்பு பண்ணுவது ட. அதன் மேல்வலது மூலை முழுக்கத் திறந்த வெளி. 'பட்டம்' என்று எழுதினால் முதல் ட-வுக்கும் அடுத்த ட-வுக்கும் நடுவே பள்ளம் விழும். அடுத்த எழுத்தை நெருக்கினால் ட-வின் கிடக்கும் கோடு போய் இடிக்கும். கிடக்கும் கோட்டைச் சுருக்குவதுதான் நல்ல வழி. அங்கே புள்ளி ஒரு நண்பன். ட்-இன் புள்ளியை உச்சியில் நட்டநடுவே வைக்கலாம், இல்லையென்றால் அந்தத் திறந்த இடத்துப் பக்கம் சற்றுத் தள்ளி வைத்துப் பள்ளத்தை நிரப்பலாம். தலைப்பு எழுத்துருவில் இரண்டாவதையே விரும்புவேன். புத்தக எழுத்துருவில் வாசகர் புள்ளியை எதிர்பார்க்கும் இடத்தில் வைப்பதுதான் மரியாதை.

கொம்புக்கும் மெய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். 'கொ' ஓர் எழுத்து, மூன்று துண்டு அல்ல என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

படி 8: எழுத்துருவுக்கு உயிர் கொடுக்கும் ஓப்பன்டைப்

எந்த இடத்தில் எந்த உருவம் வர வேண்டும் என்ற விதிகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்க உதவும் கோப்பு வடிவம்தான் ஓப்பன்டைப். யூனிகோடில் தமிழ் 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதில் 'கெ' என்பது க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தள்ளிக் காட்டுவது வடிவாக்கும் மென்பொருளின் வேலை. உகரத்துக்குத் தனி உருவம், டி, டீ-க்குத் தனி உருவம் ஆகியவற்றை நீங்கள்தான் ஓப்பன்டைப் விதியாக எழுத வேண்டும். திறந்த எழுத்துரு ஒன்றைத் திறந்து அதன் விதிகளைப் படிப்பதே இதற்குச் சிறந்த பள்ளி.

உணர்ச்சிக்கு உதவுவது அதற்கு மேலே இருக்கிற வசதிகள். நான் முதன்முதலில் தூரிகை எழுத்துரு ஒன்றைச் செய்தபோது ஒவ்வொரு எழுத்தும் தனியாகப் பார்க்கக் கைப்பட எழுதியது போலவே இருந்தது. 'அப்பா', 'அக்கா' என்று தட்டச்சு செய்தவுடன் மாயம் கலைந்தது. ப்ப, க்க என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அச்சு அசலான இரட்டையர்கள். தூரிகை ஒருநாளும் ஒரே எழுத்தை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது. தமிழில் க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற, ல்ல, ன்ன இல்லாத வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் கையெழுத்து, தூரிகை பாணி எழுத்துருவில் குறைந்தது இந்த எழுத்துகளுக்காவது இரண்டு உருவம் வரையுங்கள். புள்ளி வைத்ததற்கு ஒன்று, அடுத்து வரும் உயிர்மெய்க்கு இன்னொன்று. சூழலுக்கேற்ற மாற்று என்ற விதி அவற்றைத் தானாக மாற்றிவிடும். சின்ன வேலைதான், பலன் பெரியது.

இன்னொரு வாய்ப்பு பழைய வடிவங்கள். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா, ணொ, ணோ போன்றவையும் வேறு உருவத்தில் இருந்தன. மொத்தம் 13 எழுத்து. இவற்றை விருப்பத் தொகுப்பாக உள்ளே வைத்தால், பழைய காலத்தைச் சொல்லும் தலைப்புக்கு ஒரே சொடுக்கில் குரல் மாறும்.

மாறும் எழுத்துரு, அதாவது வேரியபிள் ஃபான்ட், 2016-இல் அறிமுகமானது. ஒரே கோப்பில் மெலிவிலிருந்து தடிமன்வரை, குறுகலிலிருந்து அகலம்வரை நகரலாம். அனெக் தமிழில் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். நீங்களே செய்ய வேண்டுமானால் இரண்டு எல்லையிலும் நோடுகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எழுத்துருவுக்கு இந்த ஆசை வேண்டாம்.

படி 9: பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

எழுத்துரு தனியாக வாழ்வதில்லை. தமிழில் மேல்விலங்கும் உகர வாலும் மேலும் கீழும் நீள்வதால், வரிக்கு வரி இடைவெளியை எழுத்தளவைப்போல 1.5 முதல் 1.7 மடங்கு வரை வைப்பேன். சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் சொல்லிடை வெளிகள் சேர்ந்து ஓடையாக ஓடும். இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். சொல்லை உடைக்க வேண்டி வந்தால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது: 'பட்-டம்' சரி, 'ப-ட்டம்' தவறு.

தலைப்பில் எழுத்துகளை விரிக்கும்போது கவனம். துணைக்கால் தன் மெய்யை விட்டுத் தள்ளிப்போனால் 'கா' என்பது 'கர' மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். விரிக்கத்தான் வேண்டுமென்றால் எழுத்து எழுத்தாக, கையால் விரியுங்கள். அழுத்தம் காட்டப் பொய்ச் சாய்வைப் பயன்படுத்த வேண்டாம், மென்பொருள் வட்டச் சுழிகளைத் தள்ளி நசுக்கிவிடும். தடிமனை மாற்றுங்கள், அல்லது உண்மையிலேயே சாய்த்து வரைந்த எழுத்துருவைப் பக்கத்தில் வையுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்புகள் இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி காம்போசர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 10: சோதனை

இந்தச் சொற்களை உங்கள் எழுத்துருவில் அச்செடுங்கள்: எரி, ஏரி. ஒடு, ஓடு. பனி, பணி. கலை, களை. அரம், அறம். வால், வாள். கெடு, கேடு. தனித்தனியாக, வரிசை மாற்றி, உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேரிடம் படிக்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ஒருவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குணத்துக்காகத் தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் ஏரி எரியக்கூடாது.

அப்புறம் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் உருவம் தெரியும், எங்கே கறுப்பு கட்டி நிற்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று உடனே கண்ணில் படும். சிறிய அளவில் ஒரு பத்தி, பெரிய அளவில் ஒரு சொல், மலிவான அச்சில் ஒரு தடவை, கைப்பேசியில் ஒரு தடவை. தேதி போட்டு எல்லா அச்சையும் பாதுகாத்து வையுங்கள்.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்? கண்ணுக்கும் கைக்கும் சேர்த்து இரண்டு மாதம். முதல் 10 எழுத்துக்கு ஒரு மாதம்: ணை, ப, க, அ, இ, ஞ, ட, று, கு, மீ. இந்தப் பத்தும் ஒரே குரலில் பேசினால் மீதி எழுத்துகளுக்கு இன்னும் மூன்று, நான்கு மாதம். பேசவில்லையென்றால் மீதியைத் தொடாதீர்கள். மேசையில் ஒட்டிய வாக்கியத்தை எடுத்து மாற்றி எழுதிவிட்டு, மறுபடி ணை-யிலிருந்து தொடங்குங்கள்.